ஆயாம்மா எங்கே?

ஜூன் மாதம் இரண்டாவது வாரம், காலை எட்டே முக்கால் மணிக்கு எங்கள் தெருக்கோடிக்கு வந்து நின்று பாருங்கள். அங்கே ஒரு நர்ஸரி பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் வாசலில் நடக்கிற காட்சிக்கு டிக்கெட் போட்டு வசூலிக்கலாம். ஒரு குழந்தை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இன்னொன்று அப்பாவின் ஸ்கூட்டரை விட்டு இறங்குவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு வந்திருக்கிறது. மூன்றாவது ஒன்று, அதற்கு அழ வேண்டிய காரணம் ஒன்றுமே கிடையாது. பக்கத்திலிருப்பது அழுகிறதே என்று மரியாதைக்காகத் தானும் அழுகிறது. மிஸ் சிரித்த முகத்தோடு வந்து ஒன்றைத் தூக்கிக்கொள்கிறாள். ஆயாம்மா இரண்டு கைகளிலும் இரண்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறாள். கேட்டு மூடுகிறது. வெளியே நிற்கும் தாய்மார்களில் பாதிப் பேர் புடவைத் தலைப்பாலோ துப்பட்டாவாலோ கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் எதிர்த்த வீட்டு வேப்பமரத்தடியில் மாநாடு கூடும். "எங்க பையன் இன்னமும் அழறான். பேசாமல் வேறே ஸ்கூலுக்கு மாத்திடலாமான்னு பார்க்கிறேன்" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். "நாங்கள் போன வருஷமே மாற்றியிருக்கணும்" என்பாள் இன்னொருத்தி. "அந்தப் புது ஸ்கூலில் நாலாம் மாசமே எழுத ஆரம்பித்துவிடுகிறதாமே!" என்று மூன்றாமவள் திரியைக் கிள்ளி விடுவாள். அன்று ராத்திரி பத்து வீடுகளில் சாப்பாட்டுக்கு அப்புறம் இதே பேச்சுத்தான் நடக்கும்.

மாற்றலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குள்ள யோக்யதை ஒன்றே ஒன்றுதான். இந்த விஷயத்தில் இரண்டு தடவை நான் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறேன்; இரண்டு தடவையும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை மாற்று என்று சொன்னேன். மற்றொரு தடவை மாற்றாதே என்று சொன்னேன்.

முதலாவது எங்கள் வீட்டுக் கதை. என் பேத்திக்கு அப்போது மூன்றரை வயசு. பெண்ணும் மாப்பிள்ளையும் ஆபீஸுக்குப் போகிறவர்கள். மத்தியானம் குழந்தையை அழைத்து வந்து சோறு ஊட்டித் தூங்கப் பண்ணுகிறது என் உத்தியோகம். இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டிலே பள்ளிக்கூடம். கூடத்தில் பாய் போட்டிருப்பார்கள். முற்றத்தில் மணல், ஒரு பக்கம் முருங்கை மரம். குழந்தைகள் இருபதுக்கு மேல் இராது. இரண்டு மிஸ்கள், ஓர் ஆயாம்மா. பாட்டு, கதை, மணலில் வீடு கட்டுவது, களிமண்ணில் தோசை வார்ப்பது. பதினொரு மணிக்கு ஆயாம்மா எல்லாக் குழந்தைகளையும் குழாயடிக்கு அழைத்துப் போய்க் கை கழுவி விட்டு, அவரவர் துண்டால் துடைத்து விடுவாள். இவ்வளவுதான் பாடத்திட்டம்.

நாலு மாசம் ஆயிற்று. நோட்டுப் புஸ்தகத்தில் ஒரு கோடு கூடக் கிடையாது. பக்கத்து ஃபிளாட்டில் இதே வயசுக் குழந்தை 'ஏ'யிலிருந்து 'இஸட்' வரை நாலு கோட்டு நோட்டில் எழுதுகிறது. அந்தக் குழந்தையின் தாயார் அதைப் படமெடுத்து வாட்ஸாப்பில் வேறு போட்டுவிட்டாள். அன்றைக்கு என் பெண் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அம்மா, இவள் மணலை அளைந்துகொண்டே காலேஜுக்குப் போகப் போகிறாள்" என்றாள்.

நானாவது சமாதானம் சொல்லியிருக்க வேண்டாமா? வயசுக்கு ஏற்ற புத்தி எனக்கு வரவில்லை. "நாலு மாடி, லிப்ட், சுவரிலே டெலிவிஷன் மாதிரிப் பலகை என்று அந்தப் பெரிய ஸ்கூல் இருக்கிறதே, அங்கே கேட்டுப் பார். விஜயதசமிக்குச் சேர்த்தால் சேர்த்ததுதான்" என்று நானே தூபம் போட்டேன். இடம் கிடைத்தது. பணமும் கட்டினோம். நவராத்திரி லீவுக்கு முந்தின நாள் குழந்தை பழைய பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். லீவு முடிந்ததும் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நடுவில் அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றரை வயசுக் குழந்தையிடம் என்னத்தைச் சொல்லுகிறது? புதுப் பை, புது ஷூ, புதுச் சட்டை எல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று. போதாதா?

முதல் நாள் சிரித்துக்கொண்டே போனாள். இரண்டாம் நாளும் அப்படியே. "பார்த்தாயா? குழந்தைகளுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போது கேட்டாள்:

"பாட்டி, ஆயாம்மா எங்கே?"

சமாளிக்க வேண்டுமே என்று, "ஊருக்குப் போயிருக்கா" என்றேன். அன்றைக்குச் சரி. மறுநாள், "ஆயாம்மா ஊர்லேருந்து வந்தாச்சா?" அதற்கு மறுநாளும் அதே கேள்வி. சுமார் பத்து நாள் தினமும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. மறந்துவிட்டது என்று நினைத்தோம். ஆனால் தானாகச் சாப்பிட்டுக் கொண்டிருந்த குழந்தை, ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்றாள். குளிக்கும் அறை வரைக்கும் கூட நான் பின்னாலேயே வர வேண்டும். வீட்டிலே தொணதொணவென்று பேசுகிறவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துவிட்டாள். புது ஸ்கூலிலிருந்து வந்த ரிப்போர்ட்டில், 'அமைதியான குழந்தை. நன்றாக ஒத்துப்போகிறது' என்று எழுதியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல், "கண்ணு!" என்று கேட்டது. ஆயாம்மாதான். கையில் கீரைக் கட்டுடன் நிற்கிறாள். குழந்தை ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளப் போகிறது என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. என் புடவைக் கொசுவத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்றாள். ஆயாம்மா குனிந்து குனிந்து கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமில்லே, பெரியம்மா? அதோட துண்டு இன்னும் என்கிட்டேதான் இருக்குது."

அன்று கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

* * *

குழந்தைகளின் மௌனத்தைப் பற்றி ஒரு பழைய சினிமாப் படம் உண்டு. கதாநாயகன், கதாநாயகி, பாட்டு எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் 1952-ல் வெளியிட்ட படம் அது. பெயர், 'இரண்டு வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகிறது'. லாரா என்ற சிறுமிக்குக் குடலிறக்கத்துக்காக ஒரு சின்ன ஆபரேஷன்; எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் தாயார் கூடவே தங்குவது என்ற பேச்சே கிடையாது. லாரா ஆர்ப்பாட்டம் செய்கிற குழந்தையல்ல. சமர்த்து. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்குகிறாள். அவ்வப்போது அம்மாவைக் கேட்கிறாள். நாளாக ஆக முகம் வெறிச்சென்று ஆகிறது. இந்தப் படத்தைப் பார்த்து அப்போதைய டாக்டர்களில் பலருக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனால் 1959-ல் அந்த நாட்டு அரசாங்கக் கமிட்டி ஒன்று, குழந்தைகள் வார்டில் பெற்றோர் தாராளமாக வந்து போக விட வேண்டும் என்று சிபார்சு செய்தது.

ராபர்ட்ஸனும் அவருடன் வேலை செய்த ஜான் பௌல்பி என்ற டாக்டரும் கண்டு சொன்னது இது. பிரிக்கப்பட்ட குழந்தை முதலில் அழுது எதிர்க்கும். பிறகு நம்பிக்கை இழந்து ஓய்ந்து போகும். அதற்கும் பிறகு, ஒன்றுமே நடக்காதது போலச் சாதுவாகிவிடும். இந்த மூன்றாவது நிலையைத்தான் பெரியவர்கள், 'பழகிவிட்டது' என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள்.

பயந்துவிடாதீர்கள். பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியல்ல. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் குழந்தை வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: கேட்டுக் கம்பியில் தொங்கி அழுகிற குழந்தையைப் பார்த்து நாம் பதறுகிறோம், வாய் திறக்காமல் உள்ளே போகிற குழந்தையைப் பார்த்து நிம்மதி அடைகிறோம். இரண்டும் அவசரம். அழுகிற குழந்தை, 'எனக்கு உன்னைத் தெரியும், விட்டுப் போகாதே' என்று சொல்கிறது. அம்மா தெருமுனை திரும்பியதும் பத்து நிமிஷத்தில் மணலில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்துவிட்டால் அந்த அழுகைக்காகப் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டியதில்லை. மூன்று வாரம், நாலு வாரம், சில குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே பிடிக்கும். லீவு விட்டுத் திறந்ததும் ஒரு தடவை திரும்ப வரும்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒளிந்துகொண்ட பையனைச் சட்டாம்பிள்ளைகள் நாலு பேர் கையும் காலுமாகத் தூக்கி வருவார்கள் என்று என் தாத்தா சொல்லியிருக்கிறார். அதையும் நம் ஜனங்கள், பழகிவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்றால் கட்டடம், பாடம், பீஸ், பெயர். மூன்று வயசுக் குழந்தைக்கோ பள்ளிக்கூடம் என்பது ஓர் ஆளும் ஒரு வரிசையும். அந்த ஆள், கை கழுவி விடுகிறவள், மூக்கைத் துடைக்கிறவள், விழுந்தால் தூக்குகிறவள். வரிசை என்பது, பாட்டுக்கு அப்புறம் பிஸ்கட், பிஸ்கட்டுக்கு அப்புறம் கதை, கதைக்கு அப்புறம் அம்மா. குழந்தைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. இந்த வரிசைதான் அதன் கடிகாரம். 'கதை முடிந்தால் அம்மா வருவாள்' என்பதில் தைரியம் கொண்டுதான் அது காலை முழுதும் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தை மாற்றும்போது ஆளும் போய்விடுகிறாள், கடிகாரமும் நின்றுவிடுகிறது.

வரிசை மாறினால் குழந்தை எப்படித் துடிக்கும் என்பதை மரியா மாண்டிஸோரி அம்மையார் வெகு அழகாக எழுதியிருக்கிறார். ஒரு வீட்டில் கைக்குழந்தை ஒன்று நிறுத்தாமல் அழுகிறது. யாருக்கும் காரணம் புரியவில்லை. பார்த்தால், வந்த விருந்தாளி அம்மாள் தன் குடையை மேஜைமேல் வைத்திருக்கிறாள். குடையை அப்புறப்படுத்தினார்கள், அழுகை நின்றது. மேஜைமேல் குடைக்கு இடமில்லை என்பது அந்தக் குழந்தையின் சட்டம்!

இந்த அம்மையார் நம் சென்னைக்கும் வேண்டியவர். 1907-ல் ரோமாபுரியில் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தவர், 1939-ல் தியாஸபிகல் சொஸைட்டியின் அழைப்பில் அடையாறுக்கு வந்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மறு வருஷம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், கூட வந்த மகன் மாரியோவைப் பிரிட்டிஷ் சர்க்கார் பிடித்துக் காவலில் வைத்துவிட்டது. 1940 ஆகஸ்டு 31, அம்மையாருக்கு எழுபதாவது பிறந்த நாள். அன்று வைஸ்ராய், பிறந்த நாள் பரிசாக மகனை விடுதலை செய்வதாகத் தந்தி கொடுத்தார். எழுபது வயசிலும் பிரிவு பிரிவுதான். மாரியோவுக்கு அப்போது நாற்பது வயசுக்கு மேலே!

* * *

இனி இரண்டாவது கதை. எங்கள் மாடி வீட்டில் ஒரு சின்னப் பெண் குடியிருந்தாள். பெயர் பெற்ற ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. படிக்கிற பையன் அவளுக்கு. தங்கமான பிள்ளை, ஒரு நாள் கூட அழுததில்லை. வேனில் ஏறி உட்கார்ந்துகொள்வான். மிஸ்ஸுக்கு அவன் என்றால் உயிர் என்று கேள்வி. ஒரு நாள் அவள் கீழே வந்தாள்.

"மாமி, இவனை வேறே ஸ்கூலுக்கு மாத்தணும்னு தோணுது."

"அழக்கூட இல்லையேடி! இரண்டு டெர்ம் பணம் கட்டியாச்சு என்கிறாய். அந்த ஸ்கூலில் இடம் கிடைக்காமல் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்!" என்றேன். ஒரு தடவை சுட்டுக்கொண்டவள் அல்லவா? இந்தத் தடவை ரொம்ப ஜாக்கிரதையாக, மாற்றாதே என்று உபதேசம் செய்தேன்.

அவள் பதிலுக்கு வாதாடவில்லை. கவனித்ததைச் சொன்னாள். வேனிலிருந்து இறங்கியதும் பையன் பையை வீசிவிட்டு நேரே பாத்ரூமுக்கு ஓடுகிறான். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. ஒரு வருஷமாக நின்றிருந்த படுக்கை நனைக்கிற வழக்கம் திரும்ப வந்திருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் கரடி பொம்மையையும் யானைப் பொம்மையையும் உட்கார்த்தி வைத்து ஸ்கூல் விளையாட்டு விளையாடினான். கையில் ஸ்கேல். கரடியைப் பார்த்து, "இப்ப போகக் கூடாது! பெல் அடிச்சப்புறம்தான்!" என்று அதட்டினான். பிறகு கரடியைத் திருப்பிச் சுவரைப் பார்க்க நிறுத்தினான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. நாலு வயசுப் பிள்ளையிடம், 'ஸ்கூலில் என்ன நடந்தது?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்லே' என்றுதான் சொல்லும். பொய்யல்ல, சொல்லத் தெரியாது. விளையாட்டில் எல்லாம் வந்துவிடும். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரித்தாள். கேட்டுக்கு உள்ளே பெற்றோருக்கு அனுமதி இல்லையாம். நாற்பது குழந்தைக்கு ஒரு மிஸ். பாத்ரூமுக்கு எல்லாக் குழந்தைகளையும் ஒரே சமயத்தில்தான் அழைத்துப் போவார்கள். நடுவில் கேட்டால் ஒழுங்கு கெட்டுவிடும். பையன் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறான்! தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக் கமிஷன் வகுத்த நெறிமுறைகளில், இருபது குழந்தைக்கு ஓர் ஆசிரியை, கூடவே ஓர் ஆயா என்று இருக்கிறது. அதை யார் போய் எடுத்துச் சொல்லுகிறது?

அவள் மாற்றினாள். கட்டின பணம் கட்டினதுதான். ஒரு பைசா திரும்பவில்லை. ஆனால் மாற்றின முறை இருக்கிறதே, அதைப் பார்த்து நான் கற்றுக்கொண்டேன். நாலைந்து நாள் முன்னதாகத்தான் பையனிடம் சொன்னாள். மாசக் கணக்கில் முன்னால் சொன்னால் குழந்தைக்குத் தாங்காது என்றாள். பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றி அவன் காதுபட ஒரு குறை சொல்லவில்லை. "திங்கட்கிழமையிலேருந்து வேறே ஸ்கூல். இந்த ஸ்கூலுக்குப் போய் டாட்டா சொல்லிட்டு வரலாம்" என்று, கடைசி நாளன்று மிட்டாய் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். வேன் டிரைவருக்குக் கூட ஒரு மிட்டாய்.

புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று நாளும் ஒரு மணி நேரம் மட்டும். தாயாரும் வகுப்பு மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். விளையாடு என்று தூண்டவில்லை. மடியைத் தேடி வந்தால் தள்ளவில்லை. நாலாம் நாள், "அம்மா கடைக்குப் போய்விட்டு வரேன்" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அரை மணி வெளியே போனாள். இது அவளாகக் கண்டுபிடித்ததல்ல. ஜெர்மனியில் சின்னஞ்சிறு குழந்தைகளைக் காப்பகங்களில் சேர்ப்பதற்கு 'பெர்லின் முறை' என்று 1980-களில் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதில் முதல் மூன்று நாளைக்குப் பிரிவு என்ற பேச்சே கிடையாது. நாலாம் நாள்தான் முதல் பரீட்சை. புது மனுஷியால் குழந்தையைத் தேற்ற முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் இன்னும் சில நாள் தாயாரும் உட்கார வேண்டும். நம் ஊரில் எல்லாப் பள்ளிக்கூடங்களும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. கேட்டுப் பார்த்தால் சில கொடுக்கின்றன. எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

பையனுடைய பையில் பழைய நூல் புடவைத் துண்டு ஒன்று இருந்தது. அவன் பாட்டியின் புடவை. தூங்கும்போது கன்னத்தில் வைத்துக்கொள்வான். "நாலு வயசுப் பிள்ளைக்குக் கந்தல் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று நான் கேட்டிருப்பேன்; வாயை அடக்கிக்கொண்டேன். வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை வைத்தியர், இந்த மாதிரிக் கந்தல்களைப் பற்றியே 1951-ல் பெரிய கட்டுரை ஒன்று படித்திருக்கிறார். அம்மாவுக்கும் உலகத்துக்கும் நடுவே குழந்தை போட்டுக்கொள்கிற பாலம் அது என்பது அவர் கட்சி. துவைக்காமல் கொடுத்தால் விசேஷம். வீட்டு வாசனை அதில்தானே இருக்கிறது!

ஆறாம் நாள் காலை, புதுப் பள்ளிக்கூட வாசலில் பையன் ஊரே கேட்கும்படி அழுதான். தாயார் வீட்டுக்கு வந்து, "மாமி, அழுதுட்டான்!" என்றாள். அவள் முகத்தில் இருந்தது துக்கமல்ல. பழைய இடத்தில் ஏழு மாசமாக ஒரு தரம் அழாதவன், இங்கே அழலாம் என்று கண்டுகொண்டுவிட்டான். அன்று தண்ணீர்ப் பாட்டில் காலியாக வந்தது.

* * *

ஆகையால், மரத்தடி மாநாட்டில் யாராவது என்னைக் கேட்டால் இப்போது எதிர்க்கேள்விதான் போடுகிறேன். வீட்டுக்கு வந்தபின் குழந்தை எப்படி இருக்கிறது? புதுப் பாட்டு ஏதாவது பாடுகிறதா? ஒரு சிநேகிதன் பெயராவது வாயில் வருகிறதா? பசியும் தூக்கமும் சரியாக இருக்கின்றனவா? அங்கே அடி உண்டா, இருட்டறை உண்டா, பாத்ரூம் பயம் உண்டா? இரண்டு மாசத்துக்கு ஒரு மிஸ் மாறிக்கொண்டே இருக்கிறாளா? கேள்வி கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்களா? கடைசி மூன்றில் ஏதாவது ஒன்று உதைத்தால், பணம் போனால் போகிறது என்று அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அடி விஷயத்தில் டெர்ம் முடியட்டும் என்று கூடக் காத்திருக்க வேண்டாம்.

எழுத்து வரவில்லை என்பதற்காக மட்டும் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையே மூன்றிலிருந்து எட்டு வயசு வரையில் ஒரே படியாக வைத்து, விளையாட்டு மூலமாகத்தான் கற்பிக்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைப் பற்றி ஆயிரம் சண்டை இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் யாரும் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. மணல் அளைகிற விரல்தான் பிற்பாடு பென்ஸில் பிடிக்கப் போகிறது. 'கிண்டர்கார்ட்டன்' என்றால் குழந்தைகள் தோட்டம் என்றுதான் அர்த்தம். 1840-ல் ஃப்ரோபல் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். மல்லிகைப் பதியனை இடம் மாற்றுகிறவன், வேரோடு தாய்மண்ணையும் ஒரு பிடி சேர்த்துத்தான் எடுப்பான்.

வீடு மாறுகிறது, உத்தியோக மாற்றல், பீஸ் கட்டி மாளவில்லை என்று வருகிற மாற்றங்களில் யோசிக்க இடமில்லை, மாற்றத்தான் வேண்டும். அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் புதுப் பாப்பா பிறந்த மாசத்திலேயே புதுப் பள்ளிக்கூடமும் வேண்டாம். தூங்கி எழுவதற்குள் நழுவிப் போவது, பின்வாசல் வழியாக மறைவது எல்லாம் அறவே வேண்டாம். ஒரு தரம் ஏமாந்த குழந்தை, அப்புறம் அம்மா அடுப்பங்கரைக்குப் போனால் கூடப் பின்னாலேயே வரும்.

எங்கள் வீட்டுக் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். மார்க்கெட்டில் பார்த்ததற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பேத்தியைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, "பாட்டி பொய் சொல்லிட்டேன். ஆயாம்மா ஊருக்குப் போகலை. நாமதான் வேறே ஸ்கூலுக்கு வந்துட்டோம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பொம்மையின் காலை முறுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆயாம்மாவின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. போனதும் பழையபடி என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். ஆயாம்மா வற்புறுத்தவில்லை. பெட்டியைத் திறந்து, துவைத்து மடித்து வைத்திருந்த மஞ்சள் துண்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை மெல்லப் போய்த் துண்டை எடுத்தாள். எடுத்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் மாறி இருபத்தைந்து நாளாக அழாத அழுகை. ஆயாம்மா மடியில் போட்டுக்கொண்டு தட்டிக் கொடுத்தாள். எனக்கும் கண் கலங்கிற்று. பார்க்காத மாதிரி வெளியே வந்து நின்றுகொண்டேன்.

ஓய்ந்த பிறகு உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"புது ஸ்கூல்லே யாரு கண்ணு கை கழுவி விடறாங்க?"

"யாரும் இல்லே. நானே கழுவிப்பேன்."

"அப்படியா! எங்கே, காட்டு."

எட்டிப் பார்த்தேன். ஆயாம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். பேத்தி இரண்டு கைகளையும் நீட்டி, விரல் விரலாகத் தேய்த்துக் காண்பித்துக்கொண்டிருந்தாள்.